உடல் பரிசோதனை கற்க எந்தப் புத்தகம் வாங்குவது?

கேள்வி: டாக்டர், அடுத்த மாதம் எங்களுக்கு வார்டு போஸ்டிங் ஆரம்பிக்கிறது. நோயாளியைப் பரிசோதிக்கக் கற்றுக்கொள்ள ஒரு புத்தகம் வாங்க வேண்டும். ஒரு சீனியர் ஹட்சிசன்தான் என்கிறார். இன்னொருவர் மெக்லௌட் போதும் என்கிறார். தோழி பேட்ஸ் வாங்கிவிட்டாள். அதன் தடிமனைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. 'ஸ்கேன் வந்த காலத்தில் இதெல்லாம் எதற்கு, வீடியோ பார்த்தால் போதும்' என்பவர்களும் இருக்கிறார்கள். எதை வாங்குவது? பழைய பதிப்பு பரவாயில்லையா? இப்போதே வாங்கவா, போஸ்டிங் தொடங்கிய பிறகா?

பதில்:

உங்கள் சீனியர்கள் இருவர் சொல்வதும் சரிதான். தோழியும் ஏமாந்துவிடவில்லை. ஹட்சிசன் முதலில் வெளிவந்தது 1897இல். மெக்லௌட் 1964இல், பேட்ஸ் 1974இல். எழுதியவர்கள் காலத்துக்குப் பிறகும் வேறு வேறு ஆசிரியர்கள் கைபட்டு, திருத்தப்பட்டு வருகிற புத்தகங்கள் இவை. எதை வாங்கினாலும் கெட்டுப்போக மாட்டீர்கள். எது சிறந்தது என்று பத்துப் பேரிடம் கேட்டால், பத்துப் பேரும் தாங்கள் படித்ததைத்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன், அதனால் என் பேச்சையும் முழுசாக நம்ப வேண்டாம். நீங்களே பார்த்து முடிவுசெய்ய ஒரு வழி சொல்கிறேன்.

நூலகத்தில் மூன்றையும் எடுத்து மேசைமேல் வையுங்கள். முன்னுரை, பொருளடக்கம், பின்னட்டை எதுவும் வேண்டாம். மண்ணீரலைத் தொட்டுப் பார்ப்பது எப்படி என்கிற பகுதியை மட்டும் மூன்றிலும் திறந்து படியுங்கள். மண்ணீரலைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கையை எங்கே வைப்பது, எப்போது நகர்த்துவது என்று தெரியாதவருக்கு அது தட்டுப்படவே தட்டுப்படாது. எழுதியவர் கையால் பரிசோதித்து எழுதினாரா, இன்னொரு புத்தகத்தைப் பார்த்து எழுதினாரா என்பது இந்த ஒரு இடத்தில் வெளுத்துவிடும்.

நோயாளி மல்லாந்து படுத்திருக்க வேண்டும், நீங்கள் அவருடைய வலப்பக்கம் நிற்க வேண்டும். இதுவரை எல்லாப் புத்தகமும் சொல்லும். அடுத்து, வலது கை எங்கே? மண்ணீரல் பெருக்கும்போது இடது விலாவுக்கு அடியிலிருந்து சாய்வாக வலது அடிவயிற்றை நோக்கி வளர்கிறது. ஆகவே தேடலையும் வலது அடிவயிற்றிலிருந்து தொடங்கி, இடது விலாவை நோக்கி ஏற வேண்டும். எடுத்த எடுப்பில் இடது விலா விளிம்புக்குக் கீழே கையை வைத்தால், மண்ணீரல் மிகப் பெரிதாக இருக்கும் நோயாளியில் உங்கள் கை அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும். விளிம்பு தட்டுப்படாது. ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டு வந்துவிடுவீர்கள். வயிற்றைப் பாதி அடைத்துக்கொண்டிருக்கும் மண்ணீரலை மாணவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இப்படித்தான். எங்கே தொடங்க வேண்டும் என்று மட்டும் சொன்னால் அது சுமாரான புத்தகம். ஏன் அங்கே என்றும் சொன்னால் வாங்கலாம்.

இன்னும் படியுங்கள். மூச்சைப் பற்றி என்ன சொல்கிறது? நோயாளி மூச்சை உள்ளே இழுக்கும்போது விரல்கள் அசையாமல் காத்திருக்க வேண்டும். மண்ணீரல்தான் இறங்கி வந்து விரலைத் தொட வேண்டும். மூச்சு வெளியே போகும்போது கையைக் கொஞ்சம் மேலே நகர்த்திவிட்டு மறுபடி காத்திருக்க வேண்டும். மூச்சை இழுக்கிற நேரத்திலேயே விரலால் துழாவிக்கொண்டிருந்தால் எதுவும் தெரியாது. இடது கை சும்மா தொங்கக்கூடாது. நோயாளியின் முதுகுப்பக்கம் போய் இடது கீழ் விலாக்களை அணைத்து முன்னால் தள்ளித் தர வேண்டும். அப்படியும் தட்டுப்படாவிட்டால் அவரை வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி இன்னொரு தடவை பார்க்க வேண்டும். எவ்வளவு அழுத்துவது என்று ஒரு வரி இருக்கிறதா? புதிதாக வருபவர்கள் கிணறு தோண்டுவதுபோல் அமுக்குவார்கள். வயிற்றுத் தசை இறுகிக்கொள்ளும், அப்புறம் யார் வந்து பார்த்தாலும் ஒன்றும் கிடைக்காது.

சரி, ஏதோ ஒன்று தட்டுப்படுகிறது. அது மண்ணீரல்தானா, இடது சிறுநீரகமா? மண்ணீரலுக்கு மேலே, விலாவுக்கும் அதற்கும் நடுவில், விரலை நுழைக்க முடியாது. விளிம்பில் ஒரு வெட்டு தென்படலாம். மூச்சை இழுத்தால் சாய்வாக உள்நோக்கி இறங்கும், தட்டினால் மந்தமாக ஒலிக்கும். சிறுநீரகமாக இருந்தால் முன்னும் பின்னும் இரண்டு கைக்கு இடையில் தள்ளிப் பார்க்க முடியும். இதை மாணவர்கள் ஒரு அட்டவணையாக மனப்பாடம் செய்வார்கள். அட்டவணை தப்பில்லை, தேர்வில் கேட்பார்கள். ஆனால் நான் தேடுவது அதற்கு அடுத்த வரி: மண்ணீரல் தட்டுப்படவில்லை என்றால் அது பெருக்கவில்லை என்று அர்த்தமா? இல்லை. நன்றாகப் பெருத்த பிறகுதான் பொதுவாக அது கைக்குக் கிடைக்கும். இதைச் சொல்லாத புத்தகம், இல்லாத தைரியத்தை உங்களுக்குக் கொடுத்துவிடும்.

இந்தப் பகுதியைப் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, பக்கத்தில் இருக்கும் தோழியின் வயிற்றில் அப்படியே செய்ய முடிகிறதா பாருங்கள். நடுவில் இரண்டு முறை புத்தகத்தைத் திறக்க வேண்டியிருந்தால் பரவாயில்லை. அடுத்து என்ன செய்வது என்றே விளங்காமல் கை நின்றுவிட்டால் அந்தப் புத்தகம் உங்களுக்கு இல்லை, ஊரே புகழ்ந்தாலும் சரி.

இன்னொரு இடத்தையும் ஒப்பிடச் சொல்வேன்: கழுத்துச் சிரையின் அழுத்தம், நாம் வார்டில் ஜேவிபி என்று சொல்வது. ஒரு புத்தகம் நோயாளியை 45 டிகிரியில் சாய்த்து உட்காரவைக்கச் சொல்லும். இன்னொன்று 30 டிகிரி என்று ஆரம்பிக்கும். இரண்டையும் வாங்கிவைத்துக்கொண்டு எது சரி என்று விடுதியில் விடியவிடியச் சண்டை போடுகிற மாணவர்கள் உண்டு. சண்டைக்கே இடமில்லை. அளப்பது, மார்பெலும்பில் இரண்டாவது விலா வந்து சேரும் மேட்டிலிருந்து துடிப்பின் உச்சி வரை உள்ள நேர்க்குத்தான உயரத்தை. அந்த மேட்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. கீழே இதயத்தின் வலது மேலறை (ஏட்ரியம்) இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் கணக்கே போடுகிறோம். ஆள் எந்தச் சாய்வில் இருந்தாலும் இது பெரிதாக மாறாது என்று எடுத்துக்கொள்கிறோம். ஆகவே சாய்வு என்பது அந்த உச்சி கண்ணுக்குத் தெரிவதற்கான ஏற்பாடு மட்டும். அழுத்தம் அதிகமாகி உச்சி தாடைக்கு மேலே மறைந்துவிட்டால் இன்னும் நிமிர்த்தி உட்காரவையுங்கள். கழுத்துப்பட்டை எலும்புக்குக் கீழே இருந்தால் படுக்கையைத் தாழ்த்துங்கள். மேட்டிலிருந்து 3, மிஞ்சிப்போனால் 4 செ.மீ.க்கு மேல் இருந்தால் அழுத்தம் அதிகம். இந்த விளக்கத்தைக் கொடுக்கிற புத்தகம் உங்களிடம் இருந்தால் டிகிரியை மனப்பாடம் செய்ய வேண்டிய வேலையே இல்லை.

இதைப் போலவே வயிற்றுப் பரிசோதனையின் வரிசை. பேட்ஸ் போன்ற அமெரிக்கப் புத்தகங்கள் பார்த்தவுடன் ஸ்டெதஸ்கோப்பை வைக்கச் சொல்லும், தொடுவதும் தட்டுவதும் பிறகு. தொட்டால் குடல் ஓசை மாறிவிடலாம் என்பது காரணம். பிரிட்டிஷ் மரபில் பார், தொடு, தட்டு, கேள். நோயாளிக்கு இதனால் நட்டமில்லை. உங்கள் எக்ஸாமினருக்கு இருக்கலாம். உங்கள் கல்லூரியில் எந்த வரிசை என்று கேட்டுக்கொண்டு அதையே எப்போதும் செய்யுங்கள். ஒவ்வொரு நோயாளியிலும் ஒரே வரிசையில் போனால்தான் எதுவும் விடுபடாது.

இப்போது புத்தகங்களுக்கு வருகிறேன். மெக்லௌட் ஒல்லியானது, படங்கள் நிறைய, எப்படிச் செய்வது என்பதை எண் போட்டு வரிசையாகச் சொல்லும். வார்டுக்குப் புதிதாகப் போகிறவருக்கு இதுதான் சுலபம். ஆனால் 'ஏன்' சில இடங்களில் ஒரே வரியில் முடிந்துபோகும். ஹட்சிசன் கொஞ்சம் உரைநடையாகப் போகும். அவசரத்தில் புரட்டிப் பார்க்க உதவாது, உட்கார்ந்து படிக்க நன்றாக இருக்கும். நோயாளியிடம் எப்படிப் பேசுவது, எதை முதலில் கேட்பது என்பதற்கு அதில் நிதானம் இருக்கிறது. பேட்ஸ் தடியாக இருப்பதற்குக் காரணம் அது மருத்துவ மாணவர்களுக்கு மட்டும் எழுதப்பட்டதில்லை, செவிலியர் படிப்பிலும் பாடம். நோய்த்தடுப்பு ஆலோசனைகள் வேறு அத்தியாயம்தோறும் இருக்கும். அதன் பலம், இயல்பான உடலுக்கு அது கொடுக்கிற இடமும், ஒன்றைப்போல் ஒன்று தெரியும் குறிகளை அருகருகே வைத்துக் காட்டும் அட்டவணைகளும். தோழியிடம் இருக்கிறதே, கடன் வாங்கி அந்த அட்டவணைகளைப் பாருங்கள், போதும். ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் டாலி அண்டு ஓகானரையும் நூலகத்தில் இருந்தால் பாருங்கள். தேர்வில் நோயாளி முன்னால் நின்று என்ன வரிசையில் செய்வது, செய்தபின் என்ன சொல்வது என்பதை மனத்தில் வைத்து எழுதியது அது. கேஸ் பிரசன்ட் பண்ணும் பயம் உள்ளவர்களுக்கு அது நல்ல துணை.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் மெக்லௌட். தடிப் புத்தகத்தைக் கண்டால் பயம் என்கிறீர்கள். வாங்கி அலமாரியில் வைத்த பேட்ஸைவிட மடியில் திறந்திருக்கும் மெக்லௌட் மேல். ஆனால் மண்ணீரல் பரீட்சையில் உங்களுக்கு ஹட்சிசன் பிடித்துப்போனால் என் பேச்சைத் தள்ளிவிட்டு அதை வாங்குங்கள். இரண்டையும் வாங்க வேண்டாம். இரண்டு இருந்தால் இரண்டையும் பாதி படிப்பீர்கள்.

நீங்கள் கேட்காத ஒரு புத்தகம் பற்றியும் சொல்ல ஆசை. ஸ்டீவன் மெக்கீ எழுதியது, 2001இல் முதலில் வந்தது, சான்று அடிப்படையிலான உடல் பரிசோதனை பற்றியது. முதல் புத்தகமாக இதை வாங்காதீர்கள்; கையைப் பிடித்துக் கற்றுத்தருவது இதன் வேலை இல்லை. நாம் கண்டுபிடிக்கிற ஒரு குறியை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோட்டுச் சொல்வதுதான் வேலை. லைக்லிஹுட் ரேஷியோ என்ற எண்ணால் அதைச் சொல்கிறார். அந்த எண் 1 என்றால் குறி இருந்தும் இல்லாமலும் ஒன்றுதான். 2 என்றால் நோய் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 15 சதவீதப் புள்ளிகள் ஏறும், 5 என்றால் 30, 10 என்றால் 45. கீழ்ப்பக்கம் 0.5, 0.2, 0.1 ஆகியவை அதே அளவுக்கு இறக்கும். பரிசோதிப்பதற்கு முன்பே வாய்ப்பு 10 சதவீதத்துக்குக் குறைவாகவோ 90க்கு மேலாகவோ இருந்தால் இந்தத் தோராயக் கணக்கு உதவாது. மற்றபடி வார்டில் மனக்கணக்காகப் போட்டுக்கொள்ளலாம்.

வயிறு பெருத்து ஒருவர் வருகிறார், நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தட்டி மறுபக்கம் அலை வருகிறதா என்று பார்ப்போம் அல்லவா, அந்த அலை தெளிவாக வந்தால் நீர் இருக்கிறது என்று நன்றாக நம்பலாம். வராவிட்டால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதற்கு நேர்மாறாக, காலில் வீக்கமே இல்லை, வயிற்றின் பக்கவாட்டில் தட்டினால் மந்தமும் இல்லை என்றால் நீர் இருக்கும் வாய்ப்பு நன்றாகக் குறைந்துவிடுகிறது. ஒரு குறி 'உண்டு' என்று சொல்ல உதவுகிறது, இன்னொன்று 'இல்லை' என்று சொல்ல உதவுகிறது. சாதாரணப் பாடப்புத்தகம் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடும். பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் கெண்டைக்கால் வலிக்கிறதா என்று பார்க்கும் ஹோமன்ஸ் குறியை இன்னமும் எல்லாரும் செய்கிறார்கள், காலில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க. இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை வைத்து முடிவெடுக்க முடியாது என்பதுதான் உண்மை. தேர்வில் கேட்டால் செய்து காட்டுங்கள். ஒரு வருடம் வார்டில் சுற்றி, பத்துப் பதினைந்து குறிகளாவது கை பழகிய பிறகு மெக்கீயை எடுங்கள். அப்போது அது கதைப் புத்தகம் மாதிரி ஓடும்.

ஸ்கேன் வந்த காலத்தில் இதெல்லாம் எதற்கு என்பவர்களிடம் வாதம் செய்ய வேண்டாம். பார்க்கின்சன் நோயை, முகவாதத்தை, தோலில் பரவும் செல்லுலைட்டிஸை மருத்துவர் கண்ணால் பார்த்துக் கையால் தொட்டுத்தான் முதலில் முடிவுசெய்கிறார். மற்ற நோய்களுக்கும், எந்த இடத்தை எதற்காக ஸ்கேன் எடுப்பது என்று எழுதித் தர யாராவது ஒருவர் நோயாளியைத் தொட்டிருக்க வேண்டும்.

வீடியோ விஷயத்தில் நான் கண்டிப்பானவன் இல்லை. நடையைப் பார்க்க, கை நடுக்கத்தைப் பார்க்க, முட்டிச் சுத்தியலை எவ்வளவு தளர்வாக வீசுவது என்று பார்க்க வீடியோதான் நல்லது. இதய முணுமுணுப்பை எந்தப் புத்தகமும் காதில் போடாது. ஒலிப்பதிவைக் கேட்டுத்தான் ஆக வேண்டும், அதுவும் நல்ல ஹெட்போனில், ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப. இப்போது பல புத்தகங்களுக்கே வீடியோ சேர்ந்து வருகிறது. ஆனால் வீடியோவில் செய்பவரின் விரல் எவ்வளவு அழுத்துகிறது, எதை உணர்கிறது என்பது தெரியாது. அதில் வரும் நோயாளியும் பெரும்பாலும் ஒத்துழைக்கிற, ஒல்லியான, ஆரோக்கியமான ஆளாக இருப்பார்.

பழைய பதிப்பு வாங்கலாமா? ஒரு பதிப்பு முந்தையது என்றால் தாராளமாக வாங்கலாம். மண்ணீரலைத் தொடும் விதம் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை. மிகப் பழையது வேண்டாம் என்பேன், முக்கியமாகப் படங்களுக்காக. பழைய புத்தகங்களில் தோல் குறிகள் எல்லாம் வெளுத்த தோலில்தான் இருக்கும். சிவப்பு என்று அவர்கள் காட்டும் தடிப்பு கருத்த தோலில் ஊதாவாகவோ பழுப்பாகவோ தெரியலாம், சில சமயம் நிறமே தெரியாமல் சூடும் வீக்கமும் மட்டும் கைக்குத் தெரியலாம். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து நீலம் பாய்வதைத் தோலில் தேடினால் ஏமாந்துபோவீர்கள். நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். கடுமையான ரத்தசோகை இருப்பவரில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் நீலம் தெரியாமல் போகலாம். வாங்கப்போகும் பதிப்பில் தோல், கண், நகம் இவற்றின் படங்களைப் புரட்டிப் பாருங்கள். எல்லாரும் ஒரே நிறத்தில் இருந்தால் அடுத்த பதிப்பைத் தேடுங்கள்.

எப்போது வாங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். போஸ்டிங் தொடங்கி இரண்டு வாரம் போகட்டும். அதுவரை நூலகப் பிரதியை வைத்து ஒப்பேற்றுங்கள். காலையில் யாரைப் பரிசோதித்தீர்களோ அவருக்குரிய பகுதியை மட்டும் மாலையில் மூன்றிலும் படியுங்கள், மறுநாள் அதே நோயாளியிடம் போய், அவர் சம்மதித்தால், விட்டதை மறுபடி செய்து பாருங்கள். இரண்டு வாரத்தில் உங்கள் கை எந்தப் புத்தகத்தைத் தானாக எடுக்கிறது என்று தெரிந்துவிடும். அதை வாங்குங்கள். வாங்கியதும் ஓரத்தில் பென்சிலால் எழுதத் தயங்காதீர்கள்; உங்கள் யூனிட் பேராசிரியர் புத்தகத்துக்கு மாறாக ஏதாவது செய்யச் சொன்னால் அதை அந்தப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள், தேர்வுக்கு முந்தைய நாள் அதைத்தான் முதலில் தேடுவீர்கள்.